அரப்பொடி சரியாக வரவில்லையா? தூளைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அரப்பொடி எடுப்பது பெரிய வித்தை இல்லை. வைஸில் ஒரு கம்பியைக் கவ்வ வைத்து அரத்தால் ராவினால் தூள் கொட்டத்தான் செய்யும். கொட்டுகிற தூள் நமக்கு வேண்டிய தூளா என்பதில்தான் சிக்கல். பள்ளிக்கூடக் காந்தச் சோதனைக்கு இரும்புத் தூள், மரப்பலகையில் கோடு வெட்டி ரெசினோடு (ஊற்றினால் இறுகும் பிசின்) நிரப்ப பித்தளைத் தூள், கொலுசில் வளையம் பற்றவைக்கப் பொடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம் வேண்டும்.

சேலத்தில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் போனால் வீட்டின் முன்னறையே வெள்ளிப் பட்டறையாக இருக்கும். அங்கே வேலை பார்க்கும் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது சரியில்லை என்றால் அரத்தை மாற்ற மாட்டார்கள். முதலில் ஒரு சிட்டிகைத் தூளை வெள்ளைத் தாளில் தட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். கீழே உள்ள கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருவது இரும்பு, பித்தளை, செம்பு, வெள்ளி ஆகியவற்றின் தூள் மட்டும்தான். மக்னீசியம், டைட்டானியம் பக்கமே வீட்டில் போக வேண்டாம். அலுமினியத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

தூளாக வராமல் நீள நீளமாக, சுருளாக வருகிறது

தாளில் தட்டிப் பார்த்தால் ஊசி ஊசியாக, நுனி வளைந்த துண்டுகள் தெரியும். முக்கால்வாசி நேரம் காரணம் பல் பெரிய அரம். கடையில் ரஃப், பாஸ்டர்ட் என்று தருவது பொருளைக் குறைக்கத்தான், தூள் எடுக்க இல்லை. பல் நெருக்கமான செகண்ட் கட் அல்லது ஸ்மூத் கேட்டு வாங்குங்கள்.

அரம் சரியாக இருந்தும் சுருள் வந்தால் அழுத்தம் அதிகம். கம்பியின் கூரான விளிம்பில் ராவினாலும் இப்படித்தான்: முழு பலமும் நாலைந்து பற்களில் இறங்கி ஆழமாகக் கடித்துவிடும். அகலமான முகத்தை மேலே வைத்து, கையின் கனத்தை மட்டும் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். தூள் சட்டென்று மெலிவது கண்ணுக்கே தெரியும்.

பொருளுக்கும் பங்கு உண்டு. சுத்தச் செம்பு இழுபடும் உலோகம், அது எந்த அரத்திலும் கொஞ்சம் சுருளத்தான் செய்யும். லேத்துக் கடைகளில் கிடைக்கும் பித்தளைக் கம்பி அப்படியில்லை, பொறுபொறுவென்று உதிரும். வெட்டுவதற்கு லேசாக இருக்கட்டும் என்று அதில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு ஈயம் சேர்த்திருப்பார்கள். நல்ல தூள் கிடைக்கிறது என்று சந்தோஷப்படும்போதே அந்த ஈயமும் தூளில் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும். கை கழுவாமல் டீ கிளாசைத் தொட வேண்டாம்.

அரம் கடிக்காமல் வழுக்குகிறது

ராவும் சத்தத்தைக் கேளுங்கள். 'கரகர' என்று வந்தால் அரம் வெட்டுகிறது. 'கீச்' என்று வழுக்கினால் ஒன்று பொருள் கடினம், இல்லையென்றால் பல் மழுங்கிவிட்டது. எது என்று பிரித்துப் பார்ப்பது எளிது: அதே அரத்தை ஒரு சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மெது இரும்பு) கம்பியில் போட்டுப் பாருங்கள். அங்கே கடித்தால் அரத்தின்மேல் குற்றமில்லை. நீங்கள் எடுத்த துண்டு ஸ்பிரிங், ரம்பத் தகடு, பேரிங் போன்ற பதமேற்றிய எஃகு. அதை விட்டுவிடுங்கள், தூளுக்கு அது லாயக்கில்லை.

எம்.எஸ். கம்பியிலும் ஒரு தொல்லை உண்டு. பழைய இரும்புக் கடையில் வாங்கும் கம்பிமேல் கறுப்பாக ஒரு தோல் இருக்கும். சூட்டோடு உருட்டும்போது படிந்த ஆக்சைடு அது. உள்ளிருக்கும் இரும்பைவிட அது பல மடங்கு கடினம். புது அரத்தை நேராக அதன்மேல் போட்டால் பல்லின் கூர் அன்றைக்கே போய்விடும். ஒரு பழைய அரத்தின் ஓரத்தால் அந்தத் தோலை உரித்துவிட்டு, பளபளப்பு தெரிந்த பிறகு நல்ல அரத்தை எடுங்கள்.

பல் சீக்கிரம் மழுங்குவதற்கு இன்னொரு காரணம், திரும்பி வரும்போதும் அழுத்தி இழுப்பது. அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே வரும்போது லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். புது அரம் வாங்கினால் முதலில் பித்தளைக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் தேய்ந்த பிறகு இரும்புக்கு மாற்றுங்கள். முறை மாறினால் நடக்காது: இரும்பில் கூர் போன அரம் பித்தளையில் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

பல் இடுக்கில் தூள் அடைத்துக்கொள்கிறது

செம்பு, வெள்ளி, அலுமினியம் மூன்றுக்கும் இது பிறவிக் குணம். அரத்தைச் சாய்த்துப் பார்த்தால் பற்களுக்கு நடுவே மினுமினுவென்று சின்னச் சின்ன முனைகள் நிற்கும். அந்த முனைகள் வெட்டாமல் கீறும். அதனால் தூள் குறையும், கம்பியின் முகத்தில் ஆழமான கோடுகள் விழும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ராவுவது வீண்.

ஒயர் பிரஷ்ஷைப் பல் ஓடும் திசையில் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். அப்படியும் போகாத முனைகளுக்கு ஒரு பித்தளைத் தகட்டின் ஓரத்தைப் பற்களின் வாய்க்கால் வழியாகத் தள்ளினால், தகட்டிலேயே பல்லின் அச்சு விழுந்து, சீப்பு மாதிரி உள்ளே புகுந்து வாரிவிடும்.

அடைப்பு வராமல் இருக்க சாக்பீஸ். அரம் முழுவதும் வெள்ளையாகும்படி தேய்த்துவிட்டு ராவுங்கள். தூள் பல்லில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். எண்ணெய் போடச் சொல்பவர்களும் உண்டு, தூள் எடுக்கும் வேலையில் அது கெடுதல்தான், அதை அடுத்துப் பார்ப்போம். சாக்பீஸ் மாவு தூளோடு கலக்குமே என்றால், கலக்கும். இரும்பாக இருந்தால் காந்தத்தால் பிரித்துவிடலாம். வெள்ளியில் உருக்கும்போது கசடாக மேலே வந்துவிடும். ரெசினில் போடும் பித்தளைக்கு மட்டும் சாக்பீஸ் ஆகாது, நிறத்தை மங்கடித்துவிடும். பித்தளை அவ்வளவாக அடைக்கவும் அடைக்காது.

இரும்புத் தூள் கட்டி கட்டியாக நிற்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தூளை டிஷ்யூ தாளில் வைத்து விரலால் அழுத்துங்கள். மஞ்சளாகக் கறை ஊறினால் எண்ணெய். கடையில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவியதாக இருக்கும், அல்லது ஹேக்ஸாவில் வெட்டும்போது விட்டதாக இருக்கும். எண்ணெய் ஏறிய தூளைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. அடுத்த முறை கம்பியையே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு ராவுங்கள். அதோடு வேலை முடிந்தது.

கறை இல்லை, ஆனால் கட்டியை உடைத்தால் உள்ளே செம்பழுப்பு நிறம் என்றால் ஈரம். கைவியர்வையே போதும், அதில் உப்பு இருக்கிறதே. வெறுங்கையால் அள்ளாமல் மடித்த தாளால் வாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு தட்டில் பரப்பினால் ஈரம் போய்விடும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்குத்தான் சோதனை. பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் நாட்களில் திறந்து வைத்த இரும்புத் தூள் காலைக்குள் நிறம் மாறிவிடும். ராவிய கையோடு சின்ன பாட்டிலில், வாய்வரை நிரப்பி, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். பெரிய பாட்டிலில் கொஞ்சமாக வைத்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரமே துருப் பிடிக்க வைத்துவிடும்.

கறையும் இல்லை, துருவும் இல்லை, ஆனால் தூள் மயிர் மயிராக எழுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால், அரம் காந்தமேறியிருக்கிறது. ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்திலோ காந்தப் பட்டையிலோ அரத்தை மாட்டி வைத்திருப்பீர்கள். இடத்தை மாற்றுங்கள். தூள் காந்தச் சோதனைக்கு மட்டும்தான் என்றால் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, குலுக்கினால் பிரிந்துவிடும்.

காந்தத்தில் ஒட்டவில்லை

துண்டு எவர்சில்வராக இருக்கும். சேலம் எவர்சில்வர் தயாரிக்கும் உருக்காலை உள்ள ஊர், பழைய இரும்புக் கடைகளில் எவர்சில்வர் கழிவு தாராளமாகப் புழங்கும். பாத்திரத்துக்குப் போகும் 202, 304 ரகங்கள் காந்தத்துக்கு மசியாது. ஆனால் ஒரு வேடிக்கை: அதே தகட்டை வளைத்த மூலையிலும் ராவிய தூளிலும் காந்தம் லேசாக இழுக்கும். அடித்து நெளித்ததில் உள்ளே அமைப்பு கொஞ்சம் மாறிவிடுவதுதான் காரணம். அந்த அரைகுறை இழுப்பை நம்பித் தூள் எடுக்க வேண்டாம். ராவும் முன்பே காந்தத்தை வைத்துப் பாருங்கள், 'டக்'கென்று ஒட்ட வேண்டும்.

ஒட்டுகிறது, ஆனால் காந்தக் கோடுகள் தெளிவாக விழவில்லை

பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டருக்கு அடியில் வாரிய தூளைப் பயன்படுத்தியிருப்பீர்கள். கல்லில் தேய்க்கும்போது பறக்கும் தீப்பொறி என்பது எரியும் இரும்புத் துகள்தான். அது உருகிக் குளிரும்போது உருண்டையாகிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடுகை இன்னும் பொடியாக்கியதுபோல் கறுப்பு உருண்டைகள், நடுவே கல்லின் துகள்கள். உருண்டைக்கு நீள அகலம் இல்லை, அதனால் காந்தப் புலத்தில் வரிசையாகத் திரும்பி நிற்காது. அரத்தில் வரும் துகளுக்கு நீளம் உண்டு, அது திரும்பும். கோடு விழுவதற்கு அந்த நீளம்தான் வேண்டும்.

கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் காந்தத்தை மணலில் இழுத்தால் கறுப்பு மணல் கொத்தாக ஒட்டும், பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அந்த மலையின் இரும்புத்தாதுவான மேக்னடைட் அது. அதிலும் கோடு விழும், அரப்பொடி அளவுக்குக் கூர்மையாக இருக்காது, அவ்வளவுதான். துருப் பிடிக்காது என்பது அதற்கு ஒரு லாபம். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அதையே கூடச் சிபாரிசு செய்வேன்.

கோடு விழாததற்கு இன்னொரு சாதாரணக் காரணம், தூளை அதிகமாகக் கொட்டுவது. உயரத்திலிருந்து மெல்லத் தூவி, தாளின் ஓரத்தை விரலால் தட்டுங்கள்.

பித்தளைத் தூளில் கறுப்புப் புள்ளிகள்

ஒரே அரத்தை இரும்புக்கும் பித்தளைக்கும் போட்டதன் பலன். இரண்டு நாளில் அந்தப் புள்ளிகள் துருவாகப் பூத்து, ரெசினுக்குள் பழுப்புக் கறையாகும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பரப்பிய தூளின்மேல் மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டியதை வேறு இடத்தில் கொண்டுபோய், கவருக்குள் இருந்து காந்தத்தை எடுத்தால் இரும்பு உதிர்ந்துவிடும். கவர் இல்லாமல் காந்தத்தை நேராகத் தூளில் விட்டால், அதைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது போய்விடும்.

இரும்பு கலந்ததை இப்படி மீட்டுவிடலாம். செம்பும் பித்தளையும் கலந்தால், வெள்ளியும் பித்தளையும் கலந்தால், வீட்டில் பிரிக்க வழியில்லை. உலோகத்துக்கு ஓர் அரம் என்று வைத்து, பிடியில் வேறு வேறு நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள். தட்டும் தனி, பிரஷ்ஷும் தனி. நாலு அரம் வாங்கும் செலவு ஒரு முறை தூள் கெட்டால் ஆகும் செலவைவிடக் குறைவு, வெள்ளியில் கேட்கவே வேண்டாம்.

வெள்ளி எடை குறைகிறது

வெள்ளிக்காரர்களின் தீராத தலைவலி இது. இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ராவும்போது குறைகிறதா, உருக்கும்போது குறைகிறதா?

வேலைக்கு முன் கட்டியை எடை போடுங்கள். முடிந்ததும் மீதிக் கட்டி, தட்டில் உள்ள தூள் இரண்டையும் சேர்த்து எடை போடுங்கள். இங்கேயே குறைந்தால் தூள் எங்கோ போகிறது. முதலில் மேலே பாருங்கள், மின்விசிறி சுற்றுகிறதா? பிறகு அரத்தின் பல், உள்ளங்கை ரேகை, சட்டை மடிப்பு, உட்கார்ந்த பாய். பட்டறைகளில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறியாமல் சேர்த்து வைப்பதும், அதை விலைக்கு வாங்கி அரித்தெடுக்க ஆட்கள் இருப்பதும் சும்மா இல்லை. மடியில் ஒரு தோலையோ கெட்டித் துணியையோ மேசை ஓரத்தோடு கட்டிக்கொண்டு ராவினால் பாதிச் சேதாரம் அங்கேயே நின்றுவிடும்.

தூளின் எடை சரியாக இருந்து, உருக்கிய பிறகு குறைந்தால் விஷயம் வேறு. உதிரித் தூளை மூசையில் (உருக்கும் மண் குவளை) கொட்டி நேராகத் தீயை ஊதினால், உருகும் முன்பே காற்றில் பறக்கும். தூளோடு வெங்காரத்தை (போராக்ஸ்) சேர்த்து மெல்லிய தாளில் இறுக்கமாகப் பொட்டலம் கட்டி மூசையில் வையுங்கள். தாள் எரிந்து போகும்போது வெங்காரம் உருகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். தீயையும் முதலில் தள்ளி வைத்து, பிறகு நெருக்குங்கள்.

இதையெல்லாம் செய்தும் கொஞ்சம் குறைந்தால், தூளில் பற்றவைத்த பொடி கலந்திருக்கும். அந்தப் பொடியில் துத்தநாகம் உண்டு. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகிவிடும். வெள்ளையாக எழும் புகை அதுதான், உங்கள் எடையில் ஒரு பங்கு அதில் போகிறது. அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். பழைய நகைகளைப் பற்றவைத்த பொடியில் காட்மியமும் இருக்கலாம், அது இதைவிடப் பொல்லாதது. மூடிய அறையில் உருக்காதீர்கள். எடையில் கொஞ்சம் அழுக்கும் எண்ணெயும் சாக்பீஸும் இருந்திருக்கும், அவை போனதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம்.

பற்றவைக்கும் பொடி ஓடாமல் உருண்டு நிற்கிறது

பொடியை மைபோல அரைத்தால் நன்றாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. துகள் சிறுக்கச் சிறுக்கக் காற்றுபடும் மேற்பரப்பு கூடும், சூடேறும்போது ஒவ்வொரு துகளும் ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும், ஒன்றோடொன்று சேராது. கொஞ்சம் கொரகொரப்பாகவே ராவுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே ராவுங்கள். பழைய பொடி ஓடவில்லை என்றால் வெங்காரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் உருக்கக் கொடுத்துவிடுங்கள்.

ரெசினில் போட்ட பித்தளை மினுங்கவில்லை

மேலே ரெசின் தோல் மூடியிருக்கிறது. காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு 400, 800, 1500 என்று எமரித் தாளை மாற்றி மாற்றித் தேயுங்கள், துகளின் வெட்டுமுகம் வெளியே வந்ததும் மினுங்கும். தூளே களிம்பேறி மங்கியிருந்தால் எதுவும் உதவாது.

பாட்டில் உப்புகிறது, வாரிய தூள் சுடுகிறது

இங்கே மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். அலுமினியத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு விடும், இறுக மூடிய பாட்டில் உப்புவது அதனால்தான். வெளியே கொண்டுபோய், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் மூடியைத் தளர்த்துங்கள். அலுமினியத்தை நைசான தூளாக்கவே வேண்டாம். மெல்லிய தூள் காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி போதும், வெடித்துவிடும். இரும்பு தேய்த்த கிரைண்டரில் அலுமினியத்தைத் தேய்க்கவும் வேண்டாம். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்து பற்றினால் அணைக்க முடியாது. உலோகத் தூள் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலைப் போட வேண்டும். ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

எண்ணெய்த் துணியும் இரும்புத் தூளும் ஒரே குப்பைக்கூடையில் கிடந்தால் தானாகவே சூடேறும். வீட்டு வேக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்ச வேண்டாம், மோட்டார் பொறிக்கு அதுவே தீனி.

மூக்குச் சளி கறுப்பாக வருகிறது, கண் உறுத்துகிறது

மாஸ்க் போடவில்லை, அல்லது தட்டை வாயால் ஊதியிருக்கிறீர்கள். என்-95 போடுங்கள், ஊதாமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் தேய்க்காமல், காந்தத்தை வைத்து விளையாடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். ஒரே நாளில் கருவிழியில் துரு வளையம் பிடித்துவிடும். சித்த மருத்துவத்தில் இரும்பில் செய்யும் அயச்செந்தூரம் இருக்கிறதே என்று வீட்டு அரப்பொடியை மருந்தாக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கம்பியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, வேண்டாம்.

சல்லடையில் பாதிதான் இறங்குகிறது

இது கோளாறே இல்லை. அரத்தில் வரும் தூள் பலவிதமாகத்தான் இருக்கும். 60 கண் (அங்குலத்துக்கு 60 ஓட்டை) சல்லடையில் கால் மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது இறங்கும், 100 கண்ணில் 0.15 மில்லிமீட்டர். காந்தச் சோதனைக்கு 60 தாராளம், ரெசினுக்கு 60-க்கும் 100-க்கும் நடுவில் நிற்பதுதான் நன்றாக மினுங்கும். நைசாக இறங்கியது ரெசினில் சாம்பல் பூசியதுபோல்தான் தெரியும். தூளை விரலால் தேய்த்து இறக்காதீர்கள், நீளத் துகள்கள் செங்குத்தாகப் புகுந்து சல்லடைக் கண்களில் மாட்டிக்கொள்ளும். ஓரத்தைத் தட்டினால் போதும். மேலே நின்றதை மறுபடி ராவ முடியாது. வெள்ளி என்றால் மூசைக்கு, இரும்பு என்றால் பழைய இரும்புக் கடைக்கு.